வந்து குடியேறியவர்களின் சுவர்: கொழும்பில் தெருச் சுவரோவியம் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு தெருவில் இறங்கினார்கள். சில வாரங்களில் ஏராளமான சுவர்களில் படங்கள் வந்தன. பாசியைத் தேய்க்காமல், அடிப்பூச்சு இல்லாமல் அவசரமாக வரைந்தவை அதே அவசரத்தில் உரிந்தன. கொழும்பில் ஒரு சுவரோவியம் எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். அதை ஊர் தன் படமாக ஏற்குமா என்பது, யாரைக் கேட்டு வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஓவியரின் வேலை பாதியாகக் குறையும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கொழும்பின் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடைப் பக்கத்தில் 40 அடி நீளம், 12 அடி உயரமான ஒரு மதில். அதில் வரையப்போவது இங்கே வந்து குடியேறியவர்களின் கதை. மொத்தம் 480 சதுர அடி, ஏறத்தாழ 45 சதுர மீற்றர். கொம்பனித்தெருவிலோ வெள்ளவத்தையிலோ வரைபவர்களுக்கும் இதே முறைதான், கணக்கு மட்டும் மாறும்.

சுவரை மழையில் தெரிவு செய்யுங்கள்

வரைய ஏற்ற காலம் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிவு வரை. மார்ச் பிறந்தால் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், மே மாதம் தென்மேற்குப் பருவமழை. ஆடிவேல் தேருக்கோ ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கோ திறந்து வைக்க ஆசைப்பட்டாலும் பெயின்ட் வேலையை மார்ச்சுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

ஆனால் சுவரைப் பார்க்கப் போக வேண்டியது ஒக்டோபரில், நல்ல மழை கொட்டும்போது. குடையோடு அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். உடைந்த கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் எந்த இடத்தில் சுவரில் வடிகிறது, ஏசி குழாய் எங்கே சொட்டுகிறது, வாகனம் தெறிக்கும் சேறு எத்தனை அடி ஏறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள். அப்போதும் கறுத்து நிற்கும் இடத்தில் ஈரம் உள்ளிருந்து வருகிறது. மதிலுக்குப் பின்னால் மண் குவிந்திருக்கலாம், குளியலறைக் குழாய் கசியலாம், அல்லது நிலத்து ஈரம் மேலேறலாம். பின்பக்கத்தைப் பார்க்காமல் முன்பக்கத்தில் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

காய்ந்த நாளில் நான்கு சோதனைகள்:

ஒன்று, 18 அங்குலச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடிச்சுவர், நடு, குழாய் ஓரம் என மூன்று இடங்களில் செய்ய வேண்டும். உள்ளே துளி கோர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ அந்த இடம் ஈரம்.

இரண்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் பழைய டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்தால் புதிய பெயின்ட் தூளோடு சேர்ந்து கழன்று வரும்.

மூன்று, பழைய பெயின்டைக் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் இழுங்கள். டேப்போடு செதில் வந்தால் சுவர் முழுக்கச் சுரண்ட வேண்டியதுதான்.

நான்கு, ஆணியால் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறமாக, கடினமாக இருந்தால் சீமெந்துச் சாந்து. மெதுவாக உதிர்ந்து வெள்ளையாகக் கொட்டினால் சுண்ணாம்புச் சாந்து. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் இது நிறைய உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டு மூச்சு விடும். அதன்மேல் சீமெந்துப் புட்டியும் தடித்த அக்ரிலிக் பெயின்டும் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளே சிக்கி, ஒரு வருடத்துக்குள் சாந்தோடு பெயர்ந்து விழும். அப்படிப்பட்ட சுவரில் திருத்தவேலையைச் சுண்ணாம்பிலேயே செய்து, சிலிக்கேட் வகைக் கனிமப் பெயின்ட் பாவிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேறு சுவர் பாருங்கள். மேசன் பாஸ் "புட்டி போட்டா எல்லாம் சரி" என்பார். அதைக் கேட்க வேண்டாம்.

யாரிடம் அனுமதி

சுவரின் சொந்தக்காரரிடம் எழுத்தில். நடைபாதையில் சாரம் (ஏறி நின்று வேலை செய்யும் தட்டு) கட்டுவதானால் கொழும்பு மாநகர சபையிடம், பெரிய வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும். புகையிரதப் பாதை ஓரத்து மதில் புகையிரதத் திணைக்களத்துடையது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமானால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் தொடவே கூடாது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் படத்தின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்தால், வேலை நடக்கும்போது "யார் சொல்லி வரையிறீங்க?" என்று யாராவது வந்து நிற்கையில் உதவும்.

பலர் மறக்கும் ஒரு கேள்வி: அந்த இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் மீள்குடியமர்த்தல் திட்டத்திலோ வீதி அகலிப்பிலோ இருக்கிறதா? முடுக்குகளில் இருந்தவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் நகரத்தில், இடிக்கப்போகும் சுவரில் ஊரின் எதிர்காலத்தை வரைவது கேலியாகிவிடும்.

சொந்தக்காரரோடு செய்யும் ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். குறைந்தது எத்தனை வருடம் படம் இருக்கும், சுவரைத் திருத்தவோ மூடவோ வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவித்தல் (60 நாள் நியாயம்), விளம்பரம் ஒட்ட வாடகைக்கு விடக்கூடாது, பராமரிப்பு யார் பொறுப்பு. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியருக்குத் தார்மீக உரிமைகளைத் தருகிறது. ஓவியர் பெயர் சுவரில் வருவதையும், படத்தை மாற்றுமுன் அவரைக் கேட்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கேட்பது

"சுவரில என்ன வரையலாம்?" என்று கேட்டால் புறாவும், கைகோர்த்த கைகளும், சூரிய உதயமும்தான் பதிலாக வரும். பிழை கேள்வியில் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: கொழும்புக்கு வந்த அன்று கையில் என்ன கொண்டு வந்தீர்கள்? முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? இந்த ஒழுங்கையில் இப்போது இல்லாத கடை எது? உங்கள் பிள்ளை இங்கே எதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? பதில்களில் தகரப்பெட்டி வரும், கடை மேல்மாடியில் சாக்கு விரித்துப் படுத்தது வரும், வீட்டு உறுதிப் பத்திரம் வரும். வரையக்கூடியவை அவைதான்.

ஒரே கூட்டத்தில் எல்லோரையும் உட்கார வைக்க முடியாது. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பொடியன்களுக்கு ஞாயிறும் போயாவும்தான் ஓய்வு. வீட்டுப் பெண்களுக்குப் பின்னேரம் மூன்று மணி. கோயில் மண்டபத்துக்கு வராத நானா பள்ளிவாசல் முற்றத்தில் மனம் விட்டுப் பேசுவார். சனசமூக நிலையம், தேவாலய மண்டபம், தேத்தண்ணீர்க் கடை என ஐந்து இடங்களில் ஐந்து சிறிய சந்திப்பு நடத்தினால் போதும். ஒவ்வொன்றிலும் அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். "அம்மா" என்று சொன்னதை "தாய்மை" என்று திருத்தாதீர்கள்.

இந்தப் பகுதியின் வரலாறு வரையத் தாராளமாக இடம் தரும். கொச்சிக்கடையின் பெயரிலேயே கொச்சி இருக்கிறது. செட்டியார் தெருவின் நகைக்கடைகள், பரதவர், கொழும்புச் செட்டிகள், 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1983க்குப் பிறகும் போர்க் காலத்திலும் வடக்கு கிழக்கிலிருந்து ஒரு பையோடு வந்தவர்கள். கொம்பனித்தெருவில் என்றால் ஒல்லாந்தர் காலம் முதல் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் வந்த மலாய்க்காரர்கள். மலையகத்தாருக்கு, குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம், பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் கிடைத்த குடியுரிமை ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் காட்டலாம்: ஒரு அடையாள அட்டை.

துயரத்தை வரைவதில் மட்டும் அவசரம் வேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் உயிரிழந்தவர்களின் உறவுகள் இந்தத் தெருக்களில் நடக்கிறார்கள். தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் அவர்கள். குடும்பங்களின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அந்த நாளைத் தொட வேண்டாம். எரியும் கடை, உடைந்த கண்ணாடி என்பவற்றைவிட, மறுநாள் திரும்பத் திறந்த கடைக் கதவு கூடுதலாகச் சொல்லும்.

படம் அமைத்தல்

அடியிலிருந்து இரண்டரை அடியைத் தனிப் பட்டையாக ஒதுக்குங்கள். செங்காவி அல்லது கரும்பழுப்பு, உருவம் எதுவும் இல்லாமல். சேறு, வெற்றிலைத் துப்பல், சாய்த்து வைத்த சைக்கிள், நிலத்து ஈரம் எல்லாம் அந்தப் பட்டையோடு நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை அதை மட்டும் திரும்ப அடித்தால் போதும். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் வரைவது இங்கே வழக்கம். பல மதத்தார் வாழும் ஒழுங்கையில் சாமியைக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். ஒரு விளக்கைப் பொருத்தினால் அந்த வேலை நடக்கும்.

முக்கிய உருவங்கள் 4 அடிக்கும் 9 அடிக்கும் இடையில் வரட்டும். மேல் ஒரு அடி வெறுமையாக, வடிதண்ணீருக்கு. உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை வரைந்தால் கையொப்பத்தோடு சம்மதம் வேண்டும். முகம் வரைவதை விரும்பாத வீடுகள் உள்ள இடத்தில் முதுகுப்புறம், கைகள், பாத்திரங்கள், தலையில் தூக்கிய மூட்டை என்று போகலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை, நீலம், சிவப்பு, குரக்கன் நிறம் எதையாவது பெரிய பரப்பில் தனியாக அடித்தால் ஊர் அதைக் கட்சிக் கொடியாகவே வாசிக்கும். அடிப்பட்டையைத் தவிர மற்ற இடங்களில் மூன்று அடிக்கு மேல் ஒரே நிறம் தொடராமல் உடைத்துவிடுங்கள். புலி, சிங்கம், வாள், தீவின் வரைபடம் நான்கையும் தவிர்த்தால் நிறைய விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

சுவரைத் தயார் செய்தல்

புதுச் சாந்து 28 நாள் காய வேண்டும். அதற்கு முன் அடித்தால் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும். அதனால் வெடிப்பு, பெயர்ந்த இடம், பீலி எல்லாம் டிசம்பர் நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். தைப்பொங்கல் கழிந்ததும் கழுவல்.

பாசிக்கு: வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பூசி 15 நிமிடம் விட்டு, தும்புப் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவ வேண்டும். கழிவறை அசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். தேர்தல் சுவரொட்டிகளை வெந்நீரில் ஊற வைத்துச் சுரண்டுங்கள். பசை மிச்சமிருந்தால் மழையில் அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்பில் இரண்டு வகை உண்டு, மாற்றிச் செய்தால் கெடும். கடற்காற்றில் வந்து மேலே படிந்த உப்பைத் தண்ணீரால் கழுவலாம். சுவருக்குள்ளிருந்து வெள்ளை முடி போலப் பூக்கும் உப்பைக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, தூளைக் கூட்டி அள்ளி, ஒரு வாரம் பார்த்து, திரும்பத் துடைக்க வேண்டும். மூன்றாவது முறையும் பூத்தால் அங்கே தண்ணீர் இன்னும் ஓடுகிறது என்று பொருள். மேலே எந்தப் பூச்சும் தாங்காது.

கழுவிய பின் மூன்று வெயில் நாள் விட்டு, காரம் தாங்கும் வெளிச்சுவர் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் வெள்ளை வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சு.

எவ்வளவு வாங்குவது

சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ 8 சதுர மீற்றர் போகும். 45 சதுர மீற்றருக்கு:

- பிரைமர்: 6 லீற்றர்
- அடி வெள்ளை, இரண்டு பூச்சு: 12 லீற்றர்
- படத்துக்கு, வீணாவதையும் சேர்த்து 17 லீற்றர்: கலப்பதற்கு வெள்ளை 8, மஞ்சள் ஒக்சைட் 2, செங்காவி 2, நீலம் 2, பச்சை 1, கறுப்பு 1, பளிச்சிவப்பு 1

முழு அக்ரிலிக் வெளிச்சுவர் எமல்ஷனாகவே வாங்குங்கள். உள்சுவர் பெயின்ட் மலிவு, ஒரு பருவமழை தாங்காது. காவி, மஞ்சள் ஒக்சைட், தாலோ நீலம், தாலோ பச்சை, கறுப்பு ஆகியவை வெயிலில் மங்காத நிறங்கள். பளிச்சென்ற சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் முதலில் வெளிறும். ஒளிரும் ரோஸ், செம்மஞ்சள் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. சிவப்புச் சேலை வரைவதானால் அடியில் செங்காவி அடித்து மேலே சிவப்பு மெல்லியதாக ஏற்றுங்கள். மேல் நிறம் போனாலும் சேலை சேலையாகவே இருக்கும்.

செட்டியார் தெருவை வரையும்போது தங்கப் பெயின்ட் ஆசை வரும். தங்கத் தூள் பெயின்ட் துறைமுகத்து உப்புக் காற்றில் கறுத்துப் பாசி நிறமாகும். மஞ்சள் ஒக்சைட்டில் சங்கிலியை வரைந்து, ஓரத்தில் பழுப்பு நிழல் கொடுத்து, வளைவின் உச்சியில் வெள்ளை ஒரு புள்ளி வையுங்கள். பத்தடி தள்ளி நின்றால் தங்கமாகவே தெரியும்.

சுவருக்கு மாற்றுதல்

கட்டமுறைதான் நம்பகமானது. அரை அங்குலம் ஒரு அடி என்ற அளவில் வரைந்தால் சுவர் 20 அங்குலம், 6 அங்குலத் தாளில் அடங்கும். தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் இரண்டடிக் கட்டம். 20க்கு 6, மொத்தம் 120 கட்டம். நீலச் சோக் நூலால் அடியுங்கள். சிவப்புச் சோக் கறையாக நின்று வெள்ளையில் ரோஸாகக் கசியும். புரொஜெக்டர் வைக்கலாம், ஆனால் ஒழுங்கை குறுகலானால் தூரம் போதாது, தெருவிளக்கு படத்தை விழுங்கும்.

ஊரார் சேர்ந்து அடிக்கும் நாளுக்கு, உருவங்களின் கோட்டை ஓவியர் முன்பே போட்டு, ஒவ்வொரு பரப்புக்குள்ளும் நிற எண்ணைச் சோக்கால் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கோப்பையில் கால்வாசி பெயின்ட், ஒரு கோப்பைக்கு ஒரு எண். ஐந்து அடிக்கு மேல் பிள்ளைகள் ஏறக்கூடாது. தெருவுக்கு வர முடியாத மூத்தவர்களுக்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பாவிக்கும் வழி ஒன்று உண்டு: நெய்யாத மெல்லிய செயற்கைத் துணியில் ஐந்தடித் துண்டுகளாக மண்டபத்திலேயே வரைந்து, பின்னர் அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுவது. ஈரச் சுவரில் இது கொப்புளிக்கும். காய்ந்த மேற்பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பது

இரண்டு தேர்ந்த ஓவியர், நான்கு ஐந்து உதவியாளர் என்றால் 10 முதல் 14 நாள். மேலிருந்து கீழே, பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு. மேற்குப் பார்த்த சுவரில் காலையில், கிழக்குப் பார்த்ததில் மதியத்துக்குப் பிறகு. கை வைக்க முடியாத சூட்டில் அடித்தால் பெயின்ட் சுவரில் பிடிக்குமுன் பிரஷ்ஷிலேயே காயும். தண்ணீர் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். இரு பூச்சுகளுக்கிடையே நான்கு மணித்தியாலம்.

வானம் கறுத்தால் பின்னேரம் மூன்று மணிக்கே நிறுத்துங்கள். புதுப் பெயின்டில் இரவு ஈரம் பட்டால் காலையில் பழுப்பாக, பிசுபிசுப்பாகக் கண்ணீர் வடிந்தது போல கோடுகள் தெரியும். பெயின்டில் உள்ள சோப்புத்தன்மையான பொருள் வெளியே வந்ததுதான் அது. பயந்து மேலே அடித்துவிடாதீர்கள். காய்ந்ததும் சுத்தமான தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போய்விடும்.

12 அடிக்கு ஏணி போதாது, இரும்புச் சாரம் வேண்டும், மேல்தட்டில் இடுப்பளவு கைப்பிடியோடு. சாரத்தின் காலைக் கான் மூடியின் மேல் வைக்காதீர்கள், உடைந்துவிடும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மின்கம்பி சுவரோடு ஒட்டியே போகும். 3 மீற்றருக்குள் கம்பி இருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் சொல்லி உறை போடாமல் இரும்பை நிமிர்த்தக் கூடாது.

எழுத்து

நம் ஊர்ப் பொதுப் பலகைகளில் தமிழ் படும் பாடு தெரிந்ததே. சுவரில் அது பல வருடம் நிற்கும். பிழை பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். முதலாவது மெய்யெழுத்தின் புள்ளி: சாரத்தில் நின்று எழுதுபவருக்கு அது வெறும் பொட்டு, விட்டுவிடுவார், "வாழ்வு" "வாழவு" ஆகும். இரண்டாவது ண, ன: "மண்" "மன்" ஆனால் ஊரே சிரிக்கும். மூன்றாவது சொல்லை உடைக்கும் இடம்: இடம் போதாமல் "கொட்டாஞ்" என்று நிறுத்தி "சேனை"யை அடுத்த வரிக்குத் தள்ளுவது.

தமிழ் படித்த இருவர் தாளில் ஒரு முறை, சுவரில் சோக் கோடு போட்டதும் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். சிங்கள வரிக்குச் சிங்களம் தாய்மொழியான இருவர் அதே வேலையைச் செய்ய வேண்டும். எழுத்துகளை நேரே வரையாமல், அச்சடித்த தாளில் 3, 4 மில்லிமீற்றர் இடைவெளியில் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டி இறக்கினால் வடிவம் கெடாது. 30 அடி அகல வீதியின் மறுபக்கத்திலிருந்து வாசிக்க எழுத்து 3 அங்குலம் போதும் என்பார்கள். தமிழின் சுழிகளுக்கு 5 அங்குலமாவது வேண்டும்.

அதன் பிறகு

முழுச் சுவருக்கும் தெளிவான வார்னிஷ் அடிப்பது கொழும்பில் பெரும்பாலும் தேவையற்ற செலவு. ஈரம் உள்ள நாளில் அடித்தால் பால் போல வெளுத்து நிற்கும், சுவர் மூச்சு விடுவதையும் தடுக்கும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டாவது பூச்சைச் சரியாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு கலவையிலும் 100 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, எந்த நிறம் எத்தனை பங்கு, படத்தில் எந்த இடம் என்று ஒட்டி, நிழலான ஓர் அலுமாரியில் வையுங்கள். கோயில் அலுவலகமோ சனசமூக நிலையமோ சாவிக்குப் பொறுப்பாகட்டும். ஏப்ரலில் ஒரு முறை, ஒக்டோபரில் ஒரு முறை, பீலியையும் குழாயையும் முதலில் பார்த்து, பிறகு படத்தை மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்.

உரிந்த இடத்தைத் தொட்டுத் திருத்தும்போது உரிந்த அளவுக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். பழைய நிறம் வெயிலில் மங்கியிருக்கும். சேலையில் உரிந்தால் சேலையின் ஓரம் வரை, பெட்டியில் உரிந்தால் பெட்டியின் விளிம்பு வரை முழுப் பரப்பையும் ஒரே நாளில் அடித்து முடியுங்கள்.